தந்தை தொழில்: சர்வர்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் யாழினியும் அவளுடைய வகுப்புத் தோழியும் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, பள்ளிக் கண்காட்சிக்காக லேப்டாப்பில் ஒரு டேட்டாபேஸ் சர்வரை நிறுவினார்கள். நிறுவினார்கள் என்பதே பெரிய வார்த்தை. ஒரு பட்டனை அழுத்தினார்கள். ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக ஓடியது. நான் அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

"அவ்ளோதானா?" என்றாள் தோழி, ஏமாந்த குரலில்.

"எங்கப்பாவக் கேளு. அவரு அந்தக் காலத்துல சோர்ஸ் கோட்லேர்ந்தே சர்வர் கட்டினவரு" என்றாள் யாழினி. அதோடு நிறுத்தியிருக்கலாம். "எங்க தாத்தாவும் சர்வர்தான்."

"தாத்தா காலத்துலயே கம்ப்யூட்டரா? செம."

யாழினி பெருமையோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். மேலே நான் ஏதாவது சொல்லுவேன் என்று இரண்டு பிள்ளைகளும் காத்திருந்தார்கள். நான் "பால் பொங்குது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். உண்மையில் பால் எப்போதோ பொங்கி, நான் அடுப்பையும் அணைத்து, அதற்குள் ஏடே படிந்திருந்தது.

தாத்தா சர்வர் என்று யாழினிக்குச் சொன்னது நான்தான். அது பொய்யில்லை. அவள் அதை எப்படிப் புரிந்துகொண்டாள் என்று தெரிந்தும் திருத்தவில்லை. எனவே, பிள்ளைகளே, வாயால் சொல்ல வராததை எழுதிப் பார்க்கிறேன். நான் ப்ளஸ் டூவோடு ஒரு டிப்ளமா படித்தவன். செம்பாக்கம் ஏரிப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்து, ஊராருக்கு ஆன்லைன் ஃபாரம் நிரப்பிக் கொடுப்பவன். எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சர்வர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பெயர், ஊர், மதிப்பெண் என்று தகவல்களைக் கட்டம் கட்டமாக அடுக்கி வைத்திருக்கிற இடம் டேட்டாபேஸ். யார் எதைக் கேட்டாலும் உள்ளே போய் அதை எடுத்துக்கொண்டு வந்து கொடுக்கிற புரோகிராம் சர்வர். உங்களுக்குத் தெரிந்த சர்வர் இது. எனக்கு இதற்கு முன்பே இன்னொரு சர்வரைத் தெரியும். தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த ஓட்டலில், யார் எதைக் கேட்டாலும் உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்து மேஜையில் வைப்பவர். இடது கையில் முழங்கை வரைக்கும் தட்டுகளை அடுக்கிக்கொண்டு, வலது கையில் சாம்பார் வாளியோடு வருவார். "சர்வர்" என்று எவரும் கூப்பிடலாம். உங்கள் வயதுப் பையன்கூடக் கூப்பிடலாம். அவர் என் அப்பா.

இந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சொல்ல மாட்டோம். சொல்லக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை, ஆனாலும் சொல்ல மாட்டோம். நாங்கள் குடியிருந்தது சேலையூர்ப் பக்கம் ஒரு காலனி. சுற்றிலும் டீச்சர்கள், பேங்க்காரர்கள், செக்ரடேரியட்டுக்கு யூனிட் ரயில் பிடித்துப் போகிறவர்கள். அப்பாவும் அவர்களைப் போலவே இஸ்திரி போட்ட சட்டையும் கையில் ஒரு ரெக்சின் பையுமாக இறங்குவார். ஓட்டலின் நீலச் சட்டை அந்தப் பைக்குள் மடித்து இருக்கும். பின்பக்க ஸ்டோர் ரூமில் போய் மாற்றிக்கொள்வார். காலனியில் கேட்டால், "ஒரு கம்பெனில சூப்பர்வைசர்." திரும்பி வரும்போது எலுமிச்சை மூடியைக் கையில் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வருவார். அப்படியும் பெருங்காய வாசனை போகாது. இன்றைக்கும் எங்காவது எலுமிச்சையும் பெருங்காயமும் சேர்ந்து மணத்தால் எனக்கு ரசம் நினைவுக்கு வராது, அப்பாதான் வருவார்.

பள்ளிக்கூட ஃபாரத்தில் "தந்தை தொழில்" என்ற இடத்தில் அம்மா வருடா வருடம் "பிரைவேட்" என்று எழுதிவிடுவாள். எத்தனை வசதியான சொல் பாருங்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேருடைய அப்பாக்கள் பிரைவேட்தான். ஒருத்தரும் மேலே கேட்டதில்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் நானும் பத்திரமாக நின்றுகொண்டே வளர்ந்துவிட்டேன்.

டிப்ளமா முடித்ததும் மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்தது. கம்பெனி என்பது ஒரு மாவு மில்லின் மாடி. முதலாளி பாஸ்கர் சார், டில்லி என்ற பையன், அப்புறம் நான். கீழே மோட்டார் போட்டால் மாடியில் டியூப்லைட் கண் சிமிட்டும், மானிட்டரில் படம் சுருங்கி விரியும். கோதுமை அரைத்தால் நல்ல வாசனையாக இருக்கும். மிளகாய் அரைக்கும் நாளில் மூவரும் கர்ச்சீப்பை முகத்தில் கட்டிக்கொண்டு கொள்ளைக்காரர்கள் மாதிரி உட்கார்ந்திருப்போம். டில்லி முடிச்சூர்க்காரன். அவன் வீட்டில் ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலமெல்லாம் பிளாட் போட்டு விற்றாகிவிட்டது. சம்பளத்துக்காக வருகிறவன் இல்லை. வீட்டில் உட்கார்ந்தால் பேஜாராக இருக்கிறது என்று வருகிறவன். என்னிடம் அன்பாக இருப்பான், ஆனால் வாய் சும்மா இருக்காது.

எங்களுக்கு வந்த வேலை, செம்பாக்கத்தில் திறக்கப்போகிற ஒரு திருமணத் தகவல் மையத்துக்கு. ரிட்டயர்டு டீச்சர் சரோஜா மேடம் ஆரம்பிக்கிறார். வரன்களுடைய பெயர், நட்சத்திரம், படிப்பு, வேலை எல்லாம் கம்ப்யூட்டரில் தமிழில் ஏற்ற வேண்டும், கேட்டபோது பட்டியலாக அச்சடித்துக் கொடுக்க வேண்டும். புத்தகக் கடையில் வாங்கிய சிடியில் ரெடிமேடாக வந்த டேட்டாபேஸ் சர்வரைப் போட்டுப் பார்த்தோம். தமிழில் எதைத் தட்டினாலும் கேள்விக்குறியாகத் திருப்பிக் கொடுத்தது. சரோஜா மேடம் திரையைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, மாப்பிள்ளை பேரே கேள்விக்குறியா இருந்தா எவன் பொண்ணு கொடுப்பான்?" என்றார்.

அதற்குத்தான் சோர்ஸ் கோடு. கடையில் பாக்கெட் மாவு வாங்கினால் அவன் போட்ட உப்புதான், அவன் போட்ட உளுந்துதான். நாமே ஊறவைத்து அரைத்தால் நமக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளலாம். அதுபோல, சர்வரை எழுதினவர்கள் எழுதின மூலத்தை வாங்கி, தமிழ் எழுத்து நிற்கிற மாதிரி ஒரு வசதியைச் சேர்த்து, நம் மெஷினிலேயே புதிதாகக் கட்டிக்கொள்ளலாம் என்று பாஸ்கர் சார் எங்கோ படித்திருந்தார். அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். "இதைப் பண்ணிட்டேன்னா நீ பர்மனென்ட். இல்லன்னா டைப்பிங்க்கே போயிடு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. விலைப்பட்டியல் படிப்பதுபோலச் சொன்னார்.

கட்டுவதில் மூன்று படி. முதல் படியில் மெஷின் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும், வேண்டிய சாமானெல்லாம் இருக்கிறதா என்று. அதில் வரிசையாக "இருக்கு, இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்து திடீரென்று ஒரு லைப்ரரி காணவில்லை என்று நின்றுவிட்டது. கம்ப்யூட்டர்காரர்களுக்கு லைப்ரரி என்றால், மற்ற புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்த முன்பே எழுதி வைத்த புரோகிராம் துண்டுகள். எனக்கு அப்போது தெரிந்த லைப்ரரி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிற இடம். நான் நேராகப் போய், "சார், இதுக்கு ஏதோ ஒரு லைப்ரரில மெம்பர்ஷிப் வேணும்போல" என்றேன்.

பாஸ்கர் சார் என்னை நிமிர்ந்து பார்த்தார். டில்லி மேஜையில் தலையை வைத்துச் சிரித்தான். அன்றிலிருந்து நான் தும்மினால்கூட, "இன்னா மச்சான், லைப்ரரி கார்டு எட்த்துனு வந்தியா?" என்பான். வெட்கத்தில் எனக்குக் காது சூடாகும். ஆனால் இந்த வெட்கம் நல்ல ஜாதி. சொன்னால் சிரிக்கலாம். நான் சொல்ல வந்தது வேறு.

காணாத துண்டைத் தேடிப் போட்டதும் இரண்டாவது படி, கட்டுவது. "மேக்" என்று தட்டி என்டர் அழுத்தினால் போதும், வரி வரியாக எழுத்து மேலே ஓட ஆரம்பிக்கும். ஒன்றும் புரியாது, ஆனால் பார்க்க அத்தனை நன்றாக இருக்கும். "சென்ட்ரல் ஸ்டேஷன் போர்டு மாறி ஓடிக்கினே கீதே" என்று டில்லியே வாயைப் பிளந்தான். இடையில் கீழே மில் மோட்டாரைப் போட்டார்கள், மெஷின் செத்துவிட்டது. திரும்பப் போட்டேன். ஏற்கெனவே முடித்ததை விட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. எனக்கு அந்தக் குணம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. அந்த நாட்களில் வீட்டில் சாப்பிடும்போதுகூட அதே பேச்சு.

இங்கேதான் ஒரு சங்கடம். வீட்டில் சொல்லாத வார்த்தையை நான் இப்போது வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். "இன்னிக்கு சர்வர் படுத்துடுச்சும்மா." "இந்த சர்வர் எதுக்கும் லாயக்கில்ல, தூக்கிப் போட்டுட்டு வேற போடணும்." அம்மா என் தட்டில் குழம்பை ஊற்றியபடியே ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்ப்பாள். அப்பா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள் மட்டும் கேட்டார்.

"அது என்னடா வேலை பாக்கும், அந்த சர்வரு?"

"கேக்கறதை எடுத்துட்டு வந்து குடுக்கும்பா. ஒரே சமயத்துல எத்தனை பேர் கேட்டாலும்."

"மாத்திக் குடுத்துடாதா?"

"மாத்தாதுப்பா."

அவர் தலையை ஆட்டினார். "அப்ப நல்ல சர்வருதான்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அம்மா சிரித்தாள். அந்த வார்த்தை எங்கள் வீட்டுக் கூடத்தில் அவர் வாயிலிருந்து வந்ததை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கட்டினதை அதற்குரிய இடத்தில் வைக்கிற மூன்றாவது படியும் முடிந்து, சர்வரைக் கிளப்பலாம் என்று போனால் அது கிளம்ப மறுத்தது. மெஷினின் எஜமானன் பெயர் ரூட். எல்லாக் கதவும் திறக்கிற சாவி அந்தப் பெயரிடம்தான். நான் அந்தப் பெயரில் உட்கார்ந்திருந்தேன். சர்வரை எஜமானன் ஓட்டக் கூடாதாம், அதிகாரம் எதுவும் இல்லாத ஒரு ஆள்தான் ஓட்ட வேண்டுமாம். அப்படித்தான் திரையில் இங்கிலீஷில் எழுதிக் காட்டியது. டில்லி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "அப்ப கரெக்டா உன்னைத்தான் கேக்குது மச்சான்" என்றான். அதிகாரமில்லாத ஒரு பெயரைப் புதிதாக உண்டாக்கி, அந்தப் பெயரில் போய்த் தட்டினேன். உடனே கிளம்பிவிட்டது.

அன்று கீழே மிளகாய். மூவரும் முகத்தில் துணி கட்டியிருந்தோம். பாஸ்கர் சார் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரு முழு பயோடேட்டா ஏத்து. தமிழ் நிக்குதான்னு பாத்துடலாம்" என்றார்.

"உன்னுதே போடு மச்சான். ஓசில பொண்ணு கெடைக்கும்" என்றான் டில்லி.

என் பெயரைத் தட்டினேன். நின்றது. கேள்விக்குறி இல்லை, என் பெயர் தமிழில். நட்சத்திரம், படிப்பு, தொழில், தந்தை பெயர், எல்லாம் தட்டினேன். தந்தை தொழில் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டு என்டர் அழுத்தினேன். சர்வர் ஏற்றுக்கொள்ளவில்லை. அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று திருப்பி அனுப்பியது.

அதை அப்படி எழுதி வைத்தது நான்தான். சரோஜா மேடம் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "அப்பா தொழில் இல்லாம ஒரு வரனும் உள்ள வரக் கூடாது தம்பி. அப்புறம், பிரைவேட்னு போட்டா ஏத்துக்காதீங்க. கம்பெனி நடத்தறவனும் பிரைவேட்டுங்கறான், கம்பெனி வாசல்ல நிக்கறவனும் பிரைவேட்டுங்கறான். பொண்ணு வீட்டுக்காரங்க என்னைத்தான் பிடிப்பாங்க." நானும் அவர் கேட்டபடியே, காலியாகவும் விட முடியாது, பிரைவேட் என்றும் போட முடியாது என்று இரண்டு பூட்டுப் போட்டிருந்தேன். இருந்தும் கைப் பழக்கத்தில் "பிரைவேட்" என்று தட்டினேன். அதையும் திருப்பி அனுப்பியது. நான் ஊறவைத்து நானே அரைத்த சர்வர், முதல் நாளே என்னைத்தான் பிடித்தது.

"இன்னா மச்சான், உங்கப்பா மேட்டர்ல மட்டும் முட்டிக்கினு நிக்குது?" என்றான் டில்லி.

பாஸ்கர் சார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சூப்பர்வைசர்" என்று தட்டியிருக்கலாம். அது கைக்கு வரவில்லை. எந்தக் கம்பெனி என்று கேட்பார்களே என்ற பயம். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. யோசித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த அறையில் அந்த வார்த்தைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் என்று விரல்களுக்குத் தெரிந்திருந்தது. "சர்வர்" என்று தட்டினேன். ஏற்றுக்கொண்டது.

"டேய், உங்கப்பாவும் சர்வர் லைனா? சொல்லவே இல்ல?"

"ம்."

"எந்த மாதிரி சர்வர்?" என்றார் பாஸ்கர் சார்.

"பழைய டைப்பு சார்" என்றேன்.

"அதானே பாத்தேன். ரத்தத்துலயே இருக்கு" என்று என் தோளைத் தட்டினார். கண்ணில் நீர் வந்தது. மிளகாய் நெடிதான். வேறு காரணம் இருந்தது என்று இப்போது சொல்லிக்கொண்டால் அது என்னை நல்லவனாகக் காட்டும். உள்ளபடி அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையையும் சொல்லிவிட்டோம், ஒருவருக்கும் தெரியவும் இல்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். டில்லி அன்றைக்கு லைப்ரரி கார்டைப் பற்றிப் பேசவில்லை.

மெஷினைத் துணியில் சுற்றி ஆட்டோவில் வைத்துச் செம்பாக்கத்துக்குக் கொண்டுபோய் இறக்கினோம். மையம் திறந்தது. நானும் பர்மனென்ட் ஆனேன். சோதனைக்காக ஏற்றிய என் பயோடேட்டாவை அழிக்க மறந்துபோனேன்.

சரோஜா மேடத்தின் முதல் பட்டியலில் நானும் ஒரு மாப்பிள்ளையாக அச்சாகிப் போனேன். யாரோ ஒரு பெண் வீட்டார் அதைப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் மையத்துக்கு போன் செய்து விசாரிக்க, மேடம் எங்கள் ஆபீசுக்கு போன் செய்து, "உங்க பையன் என் லிஸ்ட்ல மாப்பிள்ளையா நிக்கறான், உங்களுக்குத் தெரியுமா?" என்றிருக்கிறார். பாஸ்கர் சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "டெஸ்ட் டேட்டாவை அழிக்காம எவனாவது மெஷினைக் குடுப்பானா? போய் அழிச்சிட்டு அப்புறம் சாப்பிடு." நான் சாப்பிடாமலே ஓடினேன். மையத்தில் போய் உட்கார்ந்து ஒரே ஒரு வரி தட்டினேன். "ஒன்று அழிக்கப்பட்டது" என்று சர்வர் சொன்னது. எனக்கு மூச்சு வந்தது. பட்டியல் இன்னும் நாலு வீட்டுக்குப் போவதற்குள் காரியத்தை முடித்துவிட்டோம் என்று நிம்மதியாக வீட்டுக்கு பஸ் ஏறினேன்.

வீட்டில் அப்பா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நீலச் சட்டையோடு. ஓட்டல் சட்டையோடு அவரை வீட்டில் நான் பார்த்ததே கிடையாது. அம்மாதான் நடந்ததைச் சொன்னாள்.

எங்கள் வீட்டில் போன் கிடையாது. பயோடேட்டாவில் நான் கொடுத்திருந்தது பக்கத்து வீட்டு பேங்க் சாருடைய நம்பர். அந்தப் பெண் வீட்டார் காலையில் அதற்கும் பேசியிருக்கிறார்கள். அப்பாவைக் கூப்பிட்டு அனுப்ப, அவர் போய், பேங்க் சார் குடும்பம் மொத்தமும் டிவியை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, ரிசீவரை வாங்கியிருக்கிறார். அந்தப் பக்கம் கேட்ட கேள்வி இது: "தந்தை தொழில் சர்வர்னு போட்டிருக்கே. கம்ப்யூட்டர் சர்வருங்களா, ஹோட்டல் சர்வருங்களா?"

"நான் வாசல்லயே நிக்கறேன்" என்றாள் அம்மா. "இவரு 'எங்க போட்டிருக்கு?'ன்னாரு. அவங்க ஏதோ சொன்னாங்க. 'எம் பையனே போட்டானா?'ன்னாரு. அப்புறம் நிமிந்து நின்னுக்கிட்டு, 'ஹோட்டல் சர்வர்தாங்க. தாம்பரம் ஸ்டேஷன் எதிர்ல, வந்தீங்கன்னா யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க'ன்னு சொல்லிட்டு வெச்சுட்டாரு. அப்புறம் வேலைக்குப் போயிட்டு இந்தச் சட்டையோடயே வந்திருக்காரு."

அந்த வரன் அதோடு நின்றுபோனது, அதைச் சொல்ல வேண்டியதில்லை. நான் அப்பாவைப் பார்க்க முடியாமல் சுவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். காலனி முழுக்கத் தெரிந்துவிட்டதே என்பார் என்று நினைத்தேன்.

"உங்கம்மா இத்தனை வருஷமா பிரைவேட், பிரைவேட்னுதான்டா எழுதினா" என்றார் அப்பா. "நானும் எழுதுன்னுதான் சொன்னேன். உனக்குக் கஷ்டமா இருக்கும்னு. நீ என்னடான்னா சர்வர்னே எழுதிட்ட. அதுவும் கம்ப்யூட்டர்ல."

அப்பா, அது அந்த சர்வர் இல்லை. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். சொல்லவில்லை.

"நீயே எழுதிட்டேன்னு ஆனப்புறம் நான் எதுக்குடா இந்தப் பையைத் தூக்கிட்டு அலையணும்?" என்று அந்த ரெக்சின் பையைக் காலால் லேசாகத் தள்ளினார். அவர் கையிலிருந்து பெருங்காய வாசனை மட்டும் வந்தது. எலுமிச்சை இல்லை.

மறுநாளிலிருந்து அவர் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டே வீட்டிலிருந்து இறங்கினார். ரயில்வே மேம்பாலத்தில் ஏறி, அந்தச் சட்டையோடு ஜனங்களுக்கு நடுவே நடந்துபோவதை யூனிட்டுக்காக நின்ற காலனிக்காரர்கள் பார்த்தார்கள். காலனி ஒன்றும் இடிந்து விழவில்லை. பேங்க் சார் ஒரு நாள் குடும்பத்தோடு ஓட்டலுக்குப் போய் அப்பாவின் மேஜையாகப் பார்த்து உட்கார்ந்தாராம். அப்பா அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். வேறு சிலர் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். அதை அவர் சொன்னதில்லை. அம்மாதான் சொல்லுவாள்.

அதன் பிறகு அவர் அவ்வப்போது ஒன்று கேட்பார். சோற்றைப் பிசைந்துகொண்டே, தலையைத் தூக்காமல் கேட்பார்.

"அந்த மெஷின்ல அது இன்னும் இருக்காடா?"

"இருக்குப்பா."

அது போய்விட்டது என்று எனக்குத் தெரியும். அழித்தவனே நான்தானே. மெஷினைப் பார்த்துவிட்டு வர மாதத்துக்கு ஒரு தரமாவது செம்பாக்கத்துக்குப் போவேன். அதே நாற்காலி, அதே கீபோர்டு. ஒரு வரி தட்டினால் திரும்ப ஏறிவிடும். என் பெயர்கூட வேண்டாம், வேறு ஒரு மூலையில் ஒரு கட்டம் போட்டு அவர் பெயரையும் தொழிலையும் மட்டும் ஏற்றி வைத்திருக்கலாம். அச்சில் வராதபடி ஒளித்துவைக்கவும் எனக்குத் தெரியும். செய்யவில்லை. ஒவ்வொரு முறையும் செய்யலாம் என்று நினைப்பேன், விரலை கீபோர்டில் வைப்பேன். ஒளித்துவைக்க வேண்டும் என்று நினைக்கிறபோதே அது அப்பா நினைத்த மாதிரி எழுத்தாக இருக்காது என்று தோன்றும். எழுந்து வந்துவிடுவேன். வீட்டுக்கு வந்தால் "இருக்குப்பா."

எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது, யாழினி, உன் அம்மா வீட்டில் அப்பா தன் வேலையைத் தானே முதலில் சொன்னார். "பையன் கம்ப்யூட்டர்லயே எழுதிட்டான், நான் மறைக்கறதுக்கு என்ன இருக்கு" என்று அங்கேயும் என்னைத்தான் உயர்த்தி வைத்தார். உன் அம்மாவைப் பெற்ற தாத்தா சிரித்தார், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலை குனிந்தேன். பையன் ரொம்ப அடக்கம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். நீ அப்போது நடக்கப் பழகிக்கொண்டிருந்தாய். மாவு மில் இருந்த இடத்தில் செல்போன் கடை. பாஸ்கர் சார் மகனோடு வெளியூர் போய்விட்டார், டில்லி படப்பைப் பக்கம் வீட்டு மனை வியாபாரத்தில் பெரிய ஆளாகிவிட்டான். மையம் மூடிய பிறகு நான் கட்டிய மெஷினைச் சரோஜா மேடம் வீட்டில் பழைய சாமானோடு போட்டுவிட்டார்கள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய கம்ப்யூட்டர்களை மலையாகக் குவித்திருப்பார்களே, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கண் தானாகத் தேடும். கிடைத்தால் மட்டும் என்ன, அதில் அப்பா இல்லை.

இப்போது எந்த ஓட்டலிலும் யாரும் "சர்வர்" என்று கூப்பிடுவதில்லை. "அண்ணா" என்கிறார்கள், "பாஸ்" என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அதனால்தான் உன் தோழிக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் கம்ப்யூட்டர் மட்டும் நினைவுக்கு வந்தது. அவள் மேல் தப்பில்லை. ஒரு காலத்தில் மாவு மில் மாடியில், மூன்று பேர் இருந்த அறையில் மட்டும் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம் இருந்தது. அந்த அறையைத்தான் நான் ஒளிந்துகொள்ளப் பயன்படுத்தினேன். இப்போது ஊரே அந்த அறை மாதிரி ஆகிவிட்டது. நான் ஒளியவே வேண்டாம். யாருக்கும் தெரியாது.

அப்பா வேலை பார்த்த ஓட்டலை இடித்துவிட்டு அங்கே ஒரு பேங்க் கட்டியிருக்கிறார்கள். நேற்று ஒரு வேலையாகப் போயிருந்தேன். கல்லாப்பெட்டி இருந்த இடத்தில் டோக்கன் மெஷின். சாம்பார் வாளியோடு அப்பா திரும்புகிற மூலையில் ஒரு கவுன்டர். நான் போய் நின்றதும் அங்கிருந்த பெண் என் பாஸ்புக்கை வாங்கி, எதையோ தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சர்வர் இல்ல சார். கொஞ்சம் உக்காருங்க."

உட்கார்ந்தேன்.